கரும்பு விவசாயி பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விடுவது ஏன்?

வேளாண் விரிவாக்கத்தில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "தமிழ்நாட்டில் கரும்புக்கான மேம்படுத்திய சாகுபடி முறைகள் விவசாயிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கின்றன. கேட்டால் ஒப்பிக்கிறார்கள். வயலில் இறங்கிப் பார்த்தால் பாதிகூட இல்லை. காரணம் அலட்சியமா, பணமா, ஆள் பற்றாக்குறையா?"

சர்க்கரை ஆலையொன்றின் கரும்புப் பிரிவில் பல வருடம் வரப்பு வரப்பாக அலைந்தவன் நான். அலட்சியத்தை நான் கண்டது மிகக் குறைவு. பணமும் ஆளும் உண்மையான தடைகள்தான். ஆனால் அந்த இரண்டோடு பேச்சை நிறுத்திவிட்டால், குறிப்பிட்ட அந்தப் பாதியை ஏன் எடுத்தார், இந்தப் பாதியை ஏன் விட்டார் என்பது கடைசிவரை புரியாது. ஒவ்வொரு பரிந்துரைக்கும் விவசாயி மனசுக்குள் மூன்று கேள்வி போடுகிறார். செலவு யார் கையிலிருந்து போகிறது? பலன் யார் கைக்கு வருகிறது? நடுவில் நான் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? கரும்பில் இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலான பரிந்துரைகள் பலியாகின்றன.

எளிதாக ஏறியதிலிருந்து தொடங்குகிறேன். புது ரகம் என்றால் நம் விவசாயி தயங்குவதே இல்லை. கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 2000-ல் வெளியிட்ட கோ 86032 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களிலேயே தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. ஆலைக்கும் ஆகும், வெல்லத்துக்கும் ஆகும், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பு நன்றாக வரும், வறட்சியை ஓரளவு தாங்கும். ரகத்தை மாற்ற விவசாயி கூடுதலாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எப்படியும் விதைக்கரணை (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு) வாங்கத்தான் போகிறார், அதை வேறு வயலில் வாங்குகிறார், அவ்வளவுதான். பயிற்சி வகுப்பு வைத்தா கோ 86032 பரவியது? பக்கத்து வயலைப் பார்த்துப் பரவியது.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பிடித்துவிட்ட ரகத்தை விடுவதும் கடினம். கோ.க. 671 சர்க்கரையை அள்ளித் தந்த ரகம். செவ்வழுகல் நோயில் அடிபட்டது. வடக்கே உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 மாநிலத்தையே வளைத்துப் பிடித்தது. அதையும் அதே நோய் வந்து தாக்கியது. கோ 86032-ம் முதலில் பார்த்த வீரியத்தோடு இன்று பல இடங்களில் இல்லை. மஞ்சள் இலை நோய் ஏறிய வயலிலிருந்தே மறுபடி மறுபடி கரணை வெட்டுகிறோம். வெப்பச் சிகிச்சை தந்து, மூன்று அடுக்கு விதைப்பண்ணையில் பெருக்கி, ஆறிலிருந்து எட்டு மாதப் பயிரில் விதை எடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. நடைமுறை என்ன? ஆலைக்கு வெட்டும் முற்றிய கரும்பில் ஓரமாக ஒதுக்கியது விதையாகிறது, சில இடங்களில் மறுதாம்பிலிருந்தே எடுக்கிறார்கள். நல்ல விதைக்கரும்பும் சாதாரண விதைக்கரும்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் இரண்டாம் வருட மறுதாம்பில்தான் தெரியும், அதற்குள் வாங்கிய கதையே மறந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தரத்துக்குக் காசு கொடுக்க எந்த வியாபாரத்திலும் ஆள் தயங்குவார்.

அடுத்து நாற்று நடவு. 2009-ல் இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமும் உலக இயற்கை நிதியமும் சேர்ந்து நடத்திய திட்டத்திலிருந்து வந்தது. இங்கே 'நீடித்த நவீன கரும்பு சாகுபடி' என்ற பெயரில் இறங்கியது. பழைய முறையில் ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணை, அதாவது 60,000 பரு (கணுவில் முளை கிளம்பும் மொட்டு). அதற்கு 3 முதல் 4 டன் கரும்பு போகும். கடைசியில் 40,000 கரும்பு தேறினாலே நல்ல வயல் என்போம். புது முறையில் பருவை மட்டும் சீவி எடுத்து, குழித்தட்டில் தென்னை நார்க் கழிவில் முளைக்க வைத்து, 25 முதல் 35 நாள் நாற்றாக ஐந்தடிக்கு இரண்டடியில் நட வேண்டும். ஏக்கருக்கு 5,000 நாற்று போதும். ஒரு தூரில் ஒன்பது பத்து கரும்பு வந்தால் எண்ணிக்கை பழையதைத் தாண்டிவிடும். பரு எடுத்தது போக மீதிக் கரும்பை அரவைக்கே அனுப்பலாம்.

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எங்கே என்றால், கரணை நடவு முழுக்க விவசாயியின் கையில் இருந்தது. தண்ணீர் வந்த அன்று வெட்டி, அன்றே நடலாம். நாற்று அப்படியில்லை. நாற்றங்கால்காரருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். மழை பெய்து உழவு தள்ளிப்போனால் நாற்று தட்டிலேயே முற்றும், வேர் குழிக்குள் சுருளும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 50 நாள் தாண்டிய நாற்று வந்து இறங்கியது. மேலே பச்சையாகத்தான் இருந்தது. நட்ட பிறகு ஒரு மாதம் அசையவே இல்லை. அவர் நாற்றங்காலைத் திட்டவில்லை, முறையையே கைகழுவிவிட்டார். "கரணை போட்டா கண்ணுக்கு முன்னால மொளைக்கும்" என்று பழையபடி திரும்பிவிட்டார். இதைப் 'பின்பற்றாதவர்' என்று உங்கள் அட்டவணையில் குறித்தால் தவறு. பின்பற்றிப் பார்த்துக் கைவிட்டவர் அவர். இரண்டும் வேறு வேறு கதை.

இன்னொரு சின்ன விஷயம், ஆய்வுகளில் அதிகம் வராதது. நாற்று நட்டு ஒரு மாதத்தில் தாய்க்குருத்தை வெட்டிவிட்டால் பக்கத்தூர்கள் ஒரே சீராகக் கிளம்பும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். நன்றாக வந்துகொண்டிருக்கும் குருத்தில் அரிவாள் வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? செயல்விளக்க வயலில் நாங்கள் நின்றால் வெட்டுவார்கள், நாங்கள் வண்டியேறியதும் மீதி வரிசைகள் தப்பித்துக்கொள்ளும்.

ஐந்தடிப் பாரும், அதாவது வரிசைக்கு வரிசை ஐந்தடி இடைவெளி விடுவதும், முதலில் இதே மனத்தடையில்தான் சிக்கியது. இரண்டரை, மூன்றடியில் நட்டுப் பழகியவருக்கு ஐந்தடி இடைவெளி முதல் மூன்று மாதம் தரிசு மாதிரி தெரியும். போகிற வருகிறவன் எல்லாம் "என்ன, பாதிக்கு நாற்று பத்தலையா?" என்று கேட்டுவிட்டுப் போவான். களையும் அந்தக் காலி இடத்தில்தான் கும்மாளமிடும். அப்புறம் எப்படி அகலப்பார் மெல்ல மெல்லப் பரவியது? எங்கள் வகுப்புகளால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் களையெடுக்க ஆள் கிடைக்காமல் போனதும், பவர் டில்லரும் மினி டிராக்டரும் பாருக்குள் நுழைய இடம் தேவைப்பட்டதும், அறுவடை இயந்திரம் ஐந்தடிக்குக் குறைந்த வயலுக்கு வர மறுத்ததும்தான் அதைச் செய்தன. ஆள் பற்றாக்குறை சில முறைகளுக்குத் தடை, வேறு சிலவற்றுக்கு அதுவே ஏணி. உங்கள் ஆய்வில் இதைப் பிரித்துக் காட்டினால் புதிதாக இருக்கும்.

சொட்டுநீர் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. இலவசமாகக் கொடுத்தும் ஏன் போடவில்லை என்று அதிகாரிகள் ஆச்சரியப்படுவார்கள். மானியம் வேண்டுமென்றால் பட்டா, சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று எல்லாம் வேண்டும். அண்ணன் தம்பி நான்கு பேர் பெயரில் கூட்டுப்பட்டா, கிணறு பொது, மோட்டார் முறை வைத்து ஓடுகிறது என்றால் எங்கே போய் விண்ணப்பிப்பது? வாய்மொழிக் குத்தகைக்காரர் வரிசையிலேயே நிற்க முடியாது. மின்சாரம் இலவசம் என்பதால் மிச்சமாகும் தண்ணீருக்கு ரூபாயில் மதிப்பும் இல்லை. கிணறு வற்றுகிற ஊரில் சொட்டுநீர் தானாகப் பரவுகிறது, வாய்க்கால் பாசன ஊரில் சும்மா கொடுத்தாலும் குழாய் சுருட்டி மாட்டுக்கொட்டகையில் தொங்குகிறது. அதோடு எலி கடிக்கும், உப்புநீரில் துளை அடைக்கும், வெட்டும்போது அரிவாள் படும். மறுதாம்புக்குச் சோகையை (காய்ந்த இலையை) கொளுத்தினால் எல்லாம் போச்சு. கொளுத்தாமல் இருந்தால்தான் குழாய் பிழைக்கும். ஆகச் சொட்டுநீர் என்பது தனியாக வருகிற ஒரு முறையல்ல, தன்னோடு நாலு பழக்கத்தை மாற்றச் சொல்லி வருகிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். சோகை உரித்தல், கடைசி மாதங்களில் தழைச்சத்தை நிறுத்துதல், சரியான முதிர்ச்சியில் வெட்டுதல், வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்புதல். இவை பெரும்பாலும் கரும்பின் சர்க்கரையைக் கூட்டுகிற, காக்கிற வேலைகள். விவசாயிக்கு ஆலை பணம் தருவது எதற்கு? எடைக்கு.

சர்க்கரைக் கட்டுமானத்துக்கும், அதாவது அரைத்த கரும்பில் எத்தனை விழுக்காடு சர்க்கரையாகக் கிடைக்கிறது என்பதற்கும், விலைக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 2024-25 பருவத்தில் மத்திய அரசின் நியாயமான மற்றும் ஆதாய விலை 10.25 விழுக்காடு கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாயாக இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டுக்கும் 3 ரூபாய் 32 காசு கூடியது, கீழே போனால் அதே அளவு குறைந்தது. 9.5-க்குக் கீழே எவ்வளவு போனாலும் குவிண்டாலுக்கு 315 ரூபாய் 10 காசு நிச்சயமாக இருந்தது. ஆனால் இந்தக் கட்டுமானம் என்பது என் வயல் கரும்பின் கட்டுமானம் இல்லை, ஆலையின் சராசரி. நான் இரண்டு முறை சோகை உரித்து, 11 விழுக்காடு கரும்பு அனுப்புகிறேன் என்று வையுங்கள். பக்கத்து வயல்காரர் பச்சை யூரியா வாசத்தோடு எட்டரை விழுக்காடு கரும்பு அனுப்புகிறார். இரண்டு பேருக்கும் டன்னுக்கு ஒரே விலை. இன்னும் கொஞ்சம் நோண்டினால், நம் மாநிலத்து ஆலைகள் பல 9.5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கின்றன. 2024-25-க்கு மாநில அரசு அறிவித்த சிறப்பு ஊக்கத்தொகை டன்னுக்கு 349 ரூபாய். டன்னுக்கு அடிமட்ட விலையான 3,151-ஓடு கூட்டினால் சரியாக 3,500 வரும். கணக்கே அடிமட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது, பாருங்கள். அடிமட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆலையில் சராசரி 8.8-லிருந்து 9.2-க்கு ஏறினாலும் விவசாயிக்கு ஒரு பைசா கூடாது. முழுப் பலனும் ஆலைக்கு.

அந்த நிலையில் ஏழாம் மாதக் கரும்புக்குள் ஆள் விட்டுச் சோகை உரிக்கச் சொல்வது யாருக்காக? ஏழாம் மாதத் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று கிடையாது, இலை விளிம்பு முகத்தைக் கீறும், சுணை உடம்பெல்லாம் ஊறும், காலடியில் பாம்பு இருக்கிறதா என்று தெரியாது. அதற்குக் கூலிக்கு ஆள் வருவதே அபூர்வம். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் உரிக்க வேண்டும் என்பது சரியான பரிந்துரைதான். தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழு குறையும், காற்றோட்டம் கிடைக்கும், வெட்டுவதும் எளிது. ஆனாலும் இதைச் செய்யாத விவசாயியை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். வயல்வாரியாகக் கட்டுமானம் பார்த்து விலை தரும் முறை வரட்டும், சோகை தானாக உரியும்.

இடைக்கணுப் புழு என்றதும் முட்டை ஒட்டுண்ணி அட்டை ஞாபகம் வருகிறது. புழுவின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற சின்னக் குளவி அந்த அட்டையில் ஒட்டி வரும். டிரைக்கோகிரம்மா ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 2.5 சி.சி., நாலாம் மாதம் தொடங்கி பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை. மலிவு, விஷமில்லை. ஆனால் அட்டை உயிருள்ள சரக்கு. ஆய்வகத்திலிருந்து கிளம்பி அலுவலக மேசையில் இரண்டு நாள் கிடந்தால் குளவி அங்கேயே பொரிந்து பறந்துவிடும். வெறும் அட்டையை வாங்கிக் கட்டிய விவசாயி "ஒண்ணும் கேக்கலை" என்கிறார். அவர் சொன்னது உண்மை.

மறுதாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லாபம் இருப்பதே அங்கேதான். விதைச் செலவு இல்லை, உழவு இல்லை. ஆனால் கட்டைக்கரும்பு தானாக வரும் என்ற எண்ணத்தில் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். வெட்டிய ஒரு வாரத்துக்குள் கட்டையை நிலமட்டத்துக்குச் சீவ வேண்டும், பாரின் பக்கங்களைக் கழித்துவிட வேண்டும், ஐந்திலிருந்து ஏழு நாளில் முதல் தண்ணீரோடு தழைச்சத்து 25 விழுக்காடு கூடுதலாகப் போட வேண்டும், ஒரு மாதத்துக்குள் துளிர்க்காத போக்கிடம் நிரப்ப வேண்டும். இதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் விவசாயி கையில் பணமும் ஆளும் தண்ணீரும் சேர்ந்து இருந்தால் நடக்கும். கரும்பு வெட்டிப் போன மறுநாள் அவர் கையில் என்ன இருக்கும்? எடைச்சீட்டு இருக்கும். கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 1966 சொல்வதன்படி 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. அந்த வட்டியை எத்தனை பேர் கையில் வாங்கியிருக்கிறார்கள் என்று உங்கள் வினாத்தாளில் ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்கள். 14 நாளில் பணம் வந்தால்கூட மறுதாம்பின் முதல் வாரம் முடிந்திருக்கும். மாதக்கணக்கில் நிலுவை என்றால் கேட்கவே வேண்டாம். உரத்துக்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்குப் பயந்து கட்டை சீவாமல் விட்டது, மறுதாம்பு மெலிந்தது. 'மறுதாம்பு மேலாண்மை பற்றிய விழிப்புணர்வு குறைவு' என்று எழுதுகிறோமே, அதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

வெட்டு உத்தரவும் இதில் சேரும். எப்போது நடுவது என்பதை விவசாயி தீர்மானிக்கலாம், எப்போது வெட்டுவது என்பதை ஆலையும் வெட்டு ஆட்களும் தீர்மானிக்கிறார்கள். பன்னிரண்டாம் மாதம் வெட்ட வேண்டிய கரும்பு பதினாலாம் மாதம் வரை நின்றால் பூத்து, சக்கையாகி, எடை இறங்கும். நல்ல வெயிலில் வெட்டி மறுதாம்புக்குக் கட்டையை விட்டால் பாதி முளைக்காது. அப்படி ஒரு வருடம் நொந்தவர் அடுத்த வருடம் எந்த மேம்படுத்திய முறைக்கும் கூடுதலாக நூறு ரூபாய் போடமாட்டார். எதிர்பாராத இழப்பு கடைசி மாதத்தில் காத்திருக்கும் பயிரில் முதல் மாதத்தில் முதலீட்டைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதில் எங்கள் பங்கும் உண்டு. ஐந்தடிப் பார் போடுங்கள் என்று காலையில் சொல்லிக்கொடுக்கிற அதே கரும்பு அலுவலர்தான் மாலையில் வெட்டு உத்தரவு ஏன் வரவில்லை, போன வருடப் பணம் எங்கே என்ற கேள்விக்கும் நிற்க வேண்டியவர். பணம் தராத கடையின் ஆள் சொல்லும் யோசனையை யார் கேட்பார்? நானே பலமுறை தெருவை மாற்றிப் போயிருக்கிறேன்.

எங்கள் பரிந்துரைகளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதையும் பார்க்க வேண்டும். அகலப்பாரில் உளுந்தோ பச்சைப்பயறோ ஊடுபயிராகப் போடுங்கள் என்கிறோம். களைக்கு முளைப்பதற்கு முன்பே அட்ரசின் அடியுங்கள் என்றும் சொல்கிறோம். அட்ரசின் அடித்த மண்ணில் உளுந்து எப்படிப் பிழைக்கும்? ஊடுபயிர் போட்டால் மருந்தை மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் எங்கோ ஒரு வரியாக இருக்கும், கடைக்காரருக்கு அது தெரியாது. விவசாயி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், எடுத்தும் விடுகிறார். நாம் அவரை 'பகுதியளவு பின்பற்றுபவர்' என்று வகைப்படுத்துகிறோம்.

இனி உங்கள் வினாத்தாள் பற்றி. பதினைந்து முறைகளைப் பட்டியலிட்டு ஆம், இல்லை என்று குறித்து, தடைகளைக் காரெட் முறையில் (பதில்களின் வரிசையை மதிப்பெண்ணாக மாற்றும் முறை) தரவரிசைப்படுத்தினால் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆள் பற்றாக்குறை முதலிடம், கூலி உயர்வு இரண்டாமிடம், விலை போதாமை மூன்றாமிடம். நூலகத்தில் உள்ள ஆய்வேடுகளில் பாதி இப்படித்தான் முடிகின்றன. மாற்றிக் கேளுங்கள். இந்த முறையை எத்தனை ஏக்கரில் செய்தீர்கள், மொத்த வயலிலுமா, ரோட்டோர வயலில் மட்டுமா? எத்தனை வருடம் தொடர்ந்தீர்கள், எந்த வருடம் விட்டீர்கள், அந்த வருடம் வேறு என்ன நடந்தது? அந்த வேலையை வீட்டில் யார் செய்கிறார்? நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள், பயிற்சிக்கு வந்து தலையாட்டியவர் வீட்டுக்காரர் என்றால், 'தெரியும்' என்ற பதிலுக்கும் வயலுக்கும் தொடர்பு இருக்காது. குத்தகையா, சொந்தமா என்பதைத் தனியாகக் கேளுங்கள், ஊர்க்காரர் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். கடைசியாக வெட்டு உத்தரவு எத்தனை நாள் தாமதம், பணம் எத்தனை நாளில் வந்தது என்ற இரண்டையும் எண்ணாகவே வாங்குங்கள். சீட்டைப் பார்த்து எழுதுங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். அந்த இரண்டு எண்களை ஒரு பக்கமும், மறுதாம்பில் என்னென்ன செய்தார் என்பதை மறுபக்கமும் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அடுத்தது பேசலாம்.